படத்தில் விழாத முகம்

கமலா கண்ணு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபால்காரர் சைக்கிள் மணி அடித்தபோது நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு பிரித்ததில் பாதி எழுத்து கலைந்துவிட்டது. கலையாத பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. அக்ராவில் நடக்கிற பெண்கள் கூட்டத்துக்கு நம் நாட்டிலிருந்து மூன்று பேர் போகிறார்கள், அதில் என் மகள் ஒருத்தி! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவை உலுக்கி எழுப்பிப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டில் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன், ரொட்டிக்காரன் சைக்கிளை நிறுத்தி அவனுக்கும் சொன்னேன். அக்ரா எங்கே இருக்கிறது என்று அவன் கேட்டான். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ‘என் மகள் திரும்பி வந்ததும் அவளைக் கேள்’ என்று சொல்லி இரண்டு ரொட்டி வாங்கினேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து கடைசிப் பத்தியைப் படித்தேன். "மூவார் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்களோ தெரியலம்மா. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் போகல. அடுத்த வாரத்துக்குள்ள சம்மதக் கடிதம் கேக்கறாங்க" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோலாலம்பூரில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சர், இருபத்தொரு வயதுப் பெண், இப்படியா அனுமதி கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பது? அப்பாவிடம் கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவளை அப்படி நிக்க வெச்சது யாரு? நீயே யோசிச்சு நீயே எழுது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். உன் அப்பா வாழ்நாளில் என்னை அதட்டியதில்லை. ஆனால் இந்த மாதிரி ஒன்று சொல்லிவிட்டுப் போனார் என்றால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

மூவார்க்காரர்கள் சொல்வதை நான் உனக்கு எழுதவில்லை. மறைத்துவிட்டேன். போன வாரம் மாப்பிள்ளையின் அம்மா இங்கே வந்திருந்தார். உன் பெயர் அந்தக் கூட்டத்துக்குப் பரிசீலனையில் இருக்கிறது என்று நான்தான் வாய் தவறிச் சொன்னேன். அவர் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆப்பிரிக்காவுக்கா? அந்த வெயில்ல மூணு வாரம் இருந்துட்டு வந்தா, ஏற்கெனவே பொண்ணு..." என்று நிறுத்தினார். மீதியை அவர் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? "இன்னும் கொஞ்சம் காப்பி குடிங்க அண்ணி" என்று ஊற்றிக் கொடுத்தேன். மாதர் சங்கத்தில் ஏழு வருஷம் செயலாளராக இருந்தவள்! ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர் உத்தியோகத்து மாப்பிள்ளை கைநழுவிப் போய்விடக் கூடாதே என்ற பயம் என் வாயைக் கட்டிப்போட்டது.

அதனால் போ என்றோ வேண்டாம் என்றோ எழுதுவதற்கு முன்னால் உன்னிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்ரா இருக்கிற அதே கானா நாட்டிலிருந்து அந்த அம்மாள் நம் ஊருக்கு வந்த நாளைப் பற்றியது. உனக்கு அப்போது பதினைந்து வயது. நீயும் அங்கே இருந்தாய், நடந்தது உனக்குத் தெரியும். எனக்குள் நடந்தது தெரியாது. ஆறு வருஷமாக நாம் இருவரும் அந்தப் பேச்சு வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இன்றைக்கு நான் சிரிக்கப்போவதில்லை.

நம் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பண்டார் ஹிலிர் திடலில் கட்டிய தோரணம்கூட முழுசாக அவிழ்க்கப்படவில்லை. கோலாலம்பூரிலிருந்து நம் மாதர் சங்கத்துக்குக் கடிதம் வந்தது: லண்டனிலிருந்து ஒரு பெண்கள் தலைவி வருகிறார், வழக்கறிஞர், ஆசிய நாடுகளில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகிறார், மலாக்காவில் ஒரு மாலை உங்களோடு இருப்பார். பெயரும் வெள்ளைக்காரப் பெயர். நம் சங்கத் தலைவியம்மாவுக்கு அந்த வாரம் பார்த்துக் காய்ச்சல். எல்லாம் என் தலையில் விழுந்தது. வெள்ளைக்கார அம்மாள் வருகிறார் என்று நான் தலைகால் புரியாமல் ஆடினேன். மிளகாயே வேண்டாம், வெள்ளரிக்காய் வைத்து ரொட்டி அடுக்குங்கள் என்றேன். முள்கரண்டி கடன் வாங்கி வந்தேன். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து, ஆங்கிலத்தில் வரவேற்புரை வாசிக்க ஒரு பெண் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வரவேற்புரையை எழுதியது நீ. உன் பள்ளியில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் நீதான். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, எனக்கு அர்த்தமும் சொல்லிவிட்டு, "நானே எழுதினேனே, நானே வாசிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "அடுப்படியில ஆள் இல்லடி. சாந்தா வாசிக்கட்டும்." தையல்கடைக்காரர் மகள் சாந்தா உன் வகுப்பில்தான் படித்தாள். பாவம், நல்ல பெண்தான், அவள் மேல் ஒரு குறையும் இல்லை. அவள் எலுமிச்சை நிறம். அவ்வளவுதான் காரணம். அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விழா நாளன்று மண்டபத்துச் சமையற்கட்டில் லெட்சுமி அக்காவிடம் சொன்னேன்.

லெட்சுமி அக்காவை உனக்குத் தெரியும். பரம்பரையாக இங்கேயே வாழும் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை பலகாரத்தோடு நம் வீட்டுக்கு வருகிறவர். பெயர் தமிழ், கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயா, பேசுவது மலாய். அன்றைக்கு அவர் தேங்காய்ப்பால் விட்ட ஒட்டரிசிப் புலூட்டும் மிளகாய்ச் சம்பாலும் கொண்டுவந்திருந்தார். உன்னைப் பார்த்துவிட்டு, "இவள் ஏன் இங்கே நிற்கிறாள்?" என்று மலாயில் கேட்டார். பேப்பர்க்காரர் படம் எடுக்க வருகிறார், இவள் கறுப்பு, படத்தில் இவள் முகம் விழாது என்று நானும் மலாயில் பதில் சொன்னேன். என்னவோ மலாயில் சொன்னால் உனக்குப் புரியாது என்பது போல! நீ இரண்டு முழத் தூரத்தில் ரொட்டிக் கத்தியோடு நின்றுகொண்டிருந்தாய். லெட்சுமி அக்கா என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அனாக் செண்டிரி பூன் மாலு கா?" என்றார். பெற்ற பிள்ளையைக் காட்டவே உனக்கு வெட்கமா என்று அர்த்தம். நான் காதில் விழாதவள் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனேன். நீ கேட்டாயா இல்லையா என்று ஆறு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டிருப்பாய். உனக்குப் பாம்புக் காது.

நான் என்ன சிவப்பா? என்னைப் பெண் பார்க்க வந்த முதல் இரண்டு வீட்டார் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். மூன்றாவதாக வந்த உன் அப்பா நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "பேப்பர் படிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் இந்த மனிதருக்குக் கழுத்தை நீட்டினேன். இவ்வளவும் பட்டவள், தன் மகள் என்று வந்தபோது அந்த முதல் இரண்டு வீட்டார் பக்கம் போய் நின்றுகொண்டேன். முகத்தில் அரை டப்பா பவுடரை அப்பிக்கொண்டு நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கறுப்பு மோட்டார்க் காடி வந்து நின்றது. கதவு திறந்தது. பெரிய பூப்போட்ட துணியில் உடையும், அதே துணியில் தலைக்கட்டும், கழுத்தில் சிவப்பு மணிகளுமாக, நம்மைவிடவும் கறுப்பான, நல்ல உயரமான ஓர் அம்மாள் இறங்கினார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போய், குனிந்து, காடிக்குள் எட்டிப் பார்த்தேன், வெள்ளைக்கார அம்மாளைத் தேடி. உள்ளே ஒரு தோல்பை மட்டும்தான் இருந்தது. பின்னாலிருந்து அவர் ஆங்கிலத்தில் நிதானமாக, நான் ஒருத்திதான் வந்திருக்கிறேன் என்றார். நான் பதறி நிமிர்ந்தபோது தலை காடிக் கூரையில் இடித்தது. அந்த அமளியில் சாந்தா பன்னீரை டிரைவர் மேல் தெளித்துவிட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மட்டும், இது எனக்குப் பழக்கம்தான் என்பது போலத் தானே சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கம் அவருக்கு எப்படி வந்திருக்கும் என்று இப்போது நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

சாந்தா உன் வரவேற்புரையைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டாள். பிறகு அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். இரண்டு வாக்கியம் ஆனதும் அவள் வாய் நின்றது, கண்ணில் தண்ணீர் வந்தது. முன்பெஞ்சுகளில் கடைக்காரர் வீட்டு, கணக்கெழுதுகிற கிராணி வீட்டுப் பெண்கள். பின்னால் பாயில், பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப்பக்கத்து ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்கிற நம் பகுதிப் பெண்கள். யாருக்கும் அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. நான் மரம் மாதிரி நின்றேன். சமையற்கட்டுக் கதவு திறந்தது. லெட்சுமி அக்கா, தமிழும் தெரியாத ஆங்கிலமும் தெரியாத அந்த மகராசி, உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாள் பக்கத்தில் நிறுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். உன் பாவாடை ஈரம். கையில் வெள்ளரி விதை ஒட்டியிருந்தது.

நீ பேசினாய். "இவங்க நாடும் நம்ம நாடும் ஒரே வருஷத்துல விடுதலையான இரட்டைப் பிள்ளைங்களாம். இவங்க நாடு அஞ்சு மாசம் மூப்பு. அதனால இவங்கள அக்கான்னு கூப்பிடச் சொல்றாங்க" என்று நீ சொன்னதும் பாயில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது உனக்கு? வீட்டில் உப்பு வேண்டும் என்று கேட்பதற்கே முணுமுணுப்பாயே! அமெரிக்காவில் படித்தபோது அங்குள்ள கறுப்பினப் பெண்களின் சங்கத்தில் தான் இருந்ததை அவர் சொன்னார். பள்ளிக்கூடமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் யாரும் கொடுக்காததால் அவர்களே வீடு வீடாகப் பணம் திரட்டிக் கட்டியதைச் சொன்னார். உலகப் பெண்கள் கூட்டம் என்று பெயர் வைத்து, கறுப்பினப் பெண்களைப் பற்றி மற்றவர்களே பேசி முடித்துவிட்டு, இவர்களை ஒரு பாட்டுப் பாடச் சொல்லி அனுப்பிவிடுவதைச் சொன்னார். நாங்கள் அனுதாபம் கேட்கவில்லை, நாற்காலி கேட்கிறோம் என்றார். எல்லாவற்றையும் நீ ஒன்றுவிடாமல் சொன்னாய்.

அதற்குப் பிறகுதான் அந்த ஊர்வலக் கதை. "பொம்பளைங்களுக்கும் ஓட்டு வேணும்னு அமெரிக்காவுல பெரிய ஊர்வலம் போனாங்களாம். அதுல வெள்ளைக்காரப் பெண்கள் கறுப்புப் பெண்களப் பார்த்து, நீங்க எல்லாருக்கும் பின்னால கடைசியில நடந்து வாங்கன்னு சொன்னாங்களாம். உங்கள முன்னால பார்த்தா சில பேருக்குப் பிடிக்காது, ஊர்வலம் நல்லா அமையணும் பாருங்கன்னு சொன்னாங்களாம்." இதைச் சொல்லும்போது உன் குரல் நடுங்கவில்லை. நீ என் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அவங்கள்ல ஒருத்தர் மட்டும் எங்கயோ காணாமப் போயிட்டாராம். ஊர்வலம் கிளம்பினப்புறம் ஓரத்துல நின்ன கூட்டத்துக்குள்ளயிருந்து இறங்கி வந்து, தன்னோட ஊர்க்காரங்க நடக்கிற வரிசையில சேர்ந்து நடந்தாராம். யாராலயும் தடுக்க முடியலையாம்." ஊர்வலம் நல்லா அமையணும் பாருங்க! என் வாயிலிருந்து வந்த வார்த்தை மாதிரியே இருந்தது. அந்த அம்மாளுக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டு, என் மகள் வாயாலேயே என் தப்பை நான் கேட்டேன். வெட்கமும் பெருமையும் ஒரே நேரத்தில் வந்தன. எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பாயிலிருந்து முனியம்மா எழுந்தாள். தொழிற்சாலையில் ரப்பர் கழுவுகிறவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "ஏ பொண்ணு, அந்த அக்காவ ஒண்ணு கேளு. அவங்க ஊர்லயும் கறுப்பா இருக்கறவள கட்டிக்க யோசிக்கிறானுங்களா?" மண்டபமே சிரித்தது. நீ சிரிக்காமல் கேட்டாய். அவரும் சிரிக்காமல் பதில் சொன்னார். எங்கள் ஊரிலும் முகம் வெளுக்க மருந்து விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் நாங்கள்தான் என்றார். சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. முனியம்மா விடவில்லை. "சரி, இதையும் கேளு. ஆசிட் தண்ணியில நாள் பூரா நிக்கிறோம். ஆம்பளைக்கு பூட்ஸ் குடுக்கிறான், எங்களுக்கு இல்ல. என்ன செய்யறதுன்னு கேளு" என்று சொல்லி, பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. அந்த அம்மாள் அந்தப் பாதத்தையே சற்று நேரம் பார்த்தார். தங்கள் நாட்டுக்கு அருகே இன்னொரு நாட்டில், சந்தையில் வியாபாரம் செய்கிற பெண்கள், தங்கள் மேல் போட்ட வரியை எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கில் அரண்மனை வாசலில் போய் உட்கார்ந்து, ராஜாவைக் கேலி செய்து பாட்டுப் பாடியே அவரை இறங்கி வரவைத்த கதையைச் சொன்னார். "பாட்டாப் பாடுனாங்க?" என்று முனியம்மா இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை நீ சொல்லிச் சொல்லி உன் டீச்சர் தோழிகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் எனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. பூட்ஸ் கேட்கும் மனுவை நீ எழுதினாய். மூன்று தடவை அடித்து அடித்து எழுதினாய். ‘தயவுசெய்து’ என்ற சொல்லை நான் சேர்க்கச் சொன்னேன், நீ ஒரே ஒரு இடத்தில்தான் போட்டாய். பன்னிரண்டு பெண்கள், அவர்களோடு நானும், தொழிற்சாலை ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தோம். மனுவை வாங்க ஆள் வரவில்லை. முனியம்மா மார்பில் ஒரு அடி அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள் பார்! "வராத பூட்ஸுக்கு வாசலில காத்திருந்தேன், என்னப் பெத்த அம்மா" என்று அவள் இழுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் கிராணி யார்? உன் அப்பா! மனிதர் மேசைக்குக் கீழே பேனா தேடுவதாகக் குனிந்தவர் நிமிரவே இல்லை. சீன முதலாளி, தவுக்கே, அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்து, "சியாப்பா மாத்தி? சியாப்பா மாத்தி?" என்று, செத்தது யார் செத்தது யார் என்று கேட்டார். முனியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "பெலும் மாத்தி, தவுக்கே" என்றாள். இன்னும் சாகவில்லை முதலாளி!

நான்கு நாள் போய்ப் பாடினோம். ஐந்தாம் நாள் பூட்ஸ் வந்தது. ஆம்பிளை அளவு. உள்ளே துணி அடைத்துப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்தார்கள். அவர்கள் நடந்த நடையில் இருந்த மிடுக்கை நான் எந்தப் பட்டுப்புடவைக்காரியிடமும் பார்த்ததில்லை. உலகத்தின் இரண்டு மூலைகளில் கறுப்புப் பெண்கள் செய்ததை, யாரோ ஒருவர் சொல்ல, என் மகள் தமிழில் எடுத்துச் சொல்ல, நம் ஊர் காஜா பெராங் பெண்கள் தங்கள் ஒப்பாரியால் செய்து காட்டினார்கள். இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்கு நான் பெருமைப்படுவது?

பேப்பரில் வந்த படத்தையும் மறக்கவில்லை. அந்த அம்மாளும் நீயும் முனியம்மாவும். உன் முகம்தான் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. ஓரத்தில் நின்ற என் முகம் பவுடரால் சாம்பல் பூசணிக்காய் மாதிரி இருந்தது. லெட்சுமி அக்கா அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இவ்வளவும் ஆன பிறகு அம்மா திருந்திவிட்டாள் என்றுதான் நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது டவுனில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் உன்னைப் படம் எடுத்தேன் அல்லவா? மறுநாள் படத்தை வாங்க நான் மட்டும் போனேன். ஸ்டூடியோக்காரர் படத்தை வைத்துக்கொண்டு, "கல்யாணத்துக்குத்தானே? கொஞ்சம் வெளுத்துக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் யோசித்தேன் கமலா. "கொஞ்சமா, தெரியாத மாதிரி செய்ங்க" என்றேன். அவர் பென்சிலாலும் தூரிகையாலும் உன்னை அழித்து வேறொருத்தியை வரைந்து கொடுத்தார். அந்தப் படம்தான் மூவாருக்குப் போனது. அந்தப் படத்துக்குத்தான் அவர்கள் சம்மதம் சொன்னார்கள். அப்புறம் நேரில் உன்னைப் பார்த்த அன்றைக்கு நம் வீட்டுக்கு வந்தவர்கள் ஏன் எல்லாரும் முதலில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார்கள் என்று நீ என்னைக் கேட்டாய். பயணக் களைப்பாக இருக்கும் என்று உன்னிடம் பொய் சொன்னேன். ஒருமுறை செய்த தப்பைத் தெரியாமல் செய்ததாகச் சொல்லலாம். தெரிந்தபின் மறுபடி செய்ததற்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை. மேடையில் தைரியமாக இருப்பதும், மகளுக்கு வரன் பார்க்கும்போது தைரியமாக இருப்பதும் ஒன்றல்ல என்று மட்டும் புரிந்துகொண்டேன். என்னை மன்னித்துவிடு. இதை நான் யாரிடமும் கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. இப்படித்தான் வருகிறது.

நேற்றுக் காலை பசியாறிவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூவாருக்குப் போனேன். பஸ்ஸில் ஏறி, ஃபெரியில் ஆற்றைக் கடக்கும்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்ததும், பலகாரத் தட்டு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "அண்ணி, நான் அனுப்பின படம் பொய். என் மகள் என்னை மாதிரி கறுப்பு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அக்ராவுக்குப் போகிறாள்" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா அசரவே இல்லை. "படத்த எல்லாருந்தான் சரிபண்றோம். எங்க பையனுக்கும் முன்மண்டையில கொஞ்சம் முடி வரைஞ்சிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "ஆனா கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு அங்கல்லாம் போறது எங்களுக்கு ஒத்துவராது. போகணும்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்க" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு இந்த முறை யோசிக்க ஒரு நொடியும் தேவைப்படவில்லை. "அப்போ படத்தைத் திருப்பிக் குடுங்க" என்று கையை நீட்டினேன்.

பையன் வேலைக்குப் போயிருந்தான். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ அவனை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாய். உனக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, கேட்காமலே நான் முறித்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்கும் நீ என் மேல் கோபப்படலாம், உனக்கு உரிமை இருக்கிறது. அவனே உனக்கு எழுதினால் நீயே படி, நீயே முடிவு செய். நடுவில் நான் வரமாட்டேன். திரும்பி வரும்போது ஃபெரியில் அப்பா, "உனக்கு இப்பதான் பேப்பர் படிக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார். என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் பாராட்டுகிறார் என்று மட்டும் தெரிந்தது.

ஆகவே, போ. சம்மதக் கடிதத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறோம். இனிமேல் இப்படி அனுமதி கேட்டு எனக்கு எழுதாதே. போகிறேன் என்று எழுது, அது போதும். வெயில் எவ்வளவு அடித்தாலும் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்காதே. தலைவலிக்குத் தைலம் எடுத்துக்கொள், உனக்குக் கப்பலானாலும் விமானமானாலும் குமட்டும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் பத்து நிமிஷம் பேசத் தருவார்களாம், நம் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் ஆசிரியைகளின் சம்பளத்தைப் பற்றியும் பேசப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். பேசு. அவற்றைப் பேசத்தான் வேண்டும். அதோடு நான் மேலே எழுதியதையும் பேசு. ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்களிடம், வெள்ளைக்காரர்கள் மட்டுமா உங்களைப் பின்னால் நிறுத்தினார்கள், எங்கள் வீட்டுக்குள்ளேயும் அந்த வேலை நடக்கிறது என்று சொல். ‘எங்கள் ஊரில் ஒரு தாய்’ என்று பூசி மெழுகாதே. ‘என் அம்மா’ என்று சொல். சங்கத்துச் செயலாளர் என்பதையும் சொல், இரண்டு தடவை செய்தாள் என்பதையும் சொல். முனியம்மா பாடியதைப் பாடியே காட்டு. நீ பேசி முடித்ததும் அங்கே யாராவது பக்கத்திலிருப்பவரிடம் ‘இந்தப் பெண் யாருடைய மகள்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த நேரத்தில் நான் இங்கே, காஜா பெராங்கில், மீன் வாங்கும் பசாரிலோ அடுப்படியிலோ எங்கே நின்றாலும், யார் பார்த்துச் சிரித்தாலும் சரி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

உன்னைப் பெற்றவள்